பழைய கணினியில் ஆன்லைன் கேம் ஓடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு, பத்து ஆண்டு பழைய கணினியை வைத்துக்கொண்டு, அதில் ஒரு கேம் ஓடுமா ஓடாதா என்று தவிப்பவர்கள் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்களைப் பெரும்பாலும் வாலரண்ட், கவுண்டர்-ஸ்டிரைக் 2, டோட்டா 2 ஆகிய மூன்றிலிருந்து எடுத்திருக்கிறேன். மூன்றையும் காசு கொடுக்காமலே விளையாடலாம் என்பதால், சோதித்துப் பார்க்கவும் வசதியானவை. புதிதாக ஏதாவது வாங்குவது பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலில் கையில் இருப்பதை முழுமையாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? கேமின் தேவைப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

பட்டியலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கேம் திறக்குமா என்பது ஒரு கேள்வி, திறந்தபின் விளையாடும் வேகத்தில் ஓடுமா என்பது வேறு கேள்வி.

திறக்குமா என்பதற்கு ஆம், இல்லை என்ற இரண்டே பதில்கள்தான். விண்டோஸ் பதிப்பு, 64 பிட்டா என்பது, கிராபிக்ஸ் சிப்பின் டைரக்ட்எக்ஸ் (கேம் கிராபிக்ஸ் சிப்போடு பேச விண்டோஸ் தரும் மென்பொருள்) தரம், ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கேட்கும் பாதுகாப்பு வசதிகள், வட்டில் காலியிடம் ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் கதவு திறக்காது. ராமைக் கூட்டினாலும், செட்டிங்கைக் குறைத்தாலும் பயனில்லை.

வேகம் அப்படி அல்ல. அதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்; கை வேலையால் சரிசெய்ய இடமும் உண்டு. பலர் முதல் கேள்விக்கு விடை தெரியாமலே இரண்டாவதற்குப் பணம் செலவழித்துவிடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

என் கணினியில் என்னென்ன இருக்கின்றன என்று எப்படிப் பார்ப்பது? மென்பொருள் ஏதாவது நிறுவ வேண்டுமா?

எதுவும் வேண்டாம். விண்டோஸிலேயே எல்லாம் இருக்கின்றன.

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் சிறு பெட்டி ஒன்று வரும். அதில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் கொடுங்கள். வருகிற பெட்டியின் முதல் பக்கத்தில் பிராசசர் பெயர், ராம் அளவு, விண்டோஸ் பதிப்பு ஆகியவை இருக்கும். டிஸ்பிளே பக்கத்துக்குப் போனால் கிராபிக்ஸ் சிப்பின் பெயரும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரின் தேதியும் தெரியும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குச் செல்லுங்கள். மெமரி என்பதைத் தொட்டால் ராமின் வேகமும், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதும் வரும். இரண்டில் ஒன்று காலி என்று காட்டினால் அதைக் குறித்து வையுங்கள், பின்னால் உதவும்.

கிராபிக்ஸ் சிப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்று இருந்தால் உங்கள் கணினியில் கிராபிக்ஸ் டிரைவரே வேலை செய்யவில்லை என்று பொருள். விண்டோஸை மறுபடி நிறுவிய பழைய கணினிகளில் இதை அடிக்கடி காணலாம். அந்த நிலையில் எந்த கேமும் ஓடாது. கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து, உங்கள் மாடலுக்கான டிரைவரை நிறுவியபிறகே மற்ற சோதனைகளுக்குப் போக வேண்டும்.

டைரக்ட்எக்ஸ் 12 இருப்பதாகக் காட்டுகிறது. ஆனாலும் டைரக்ட்எக்ஸ் 11 கேட்கும் கேம் திறக்க மறுக்கிறதே, ஏன்?

இந்த ஒரு வரியால் ஏமாந்தவர்கள் ஏராளம். முதல் பக்கத்தில் தெரியும் டைரக்ட்எக்ஸ் 12 என்பது விண்டோஸில் உள்ள மென்பொருளின் பதிப்பு. விண்டோஸ் 10 போட்ட எந்தக் கணினியிலும், அதன் கிராபிக்ஸ் சிப் எவ்வளவு பழையதாக இருந்தாலும், அப்படித்தான் காட்டும். உங்கள் சிப் எதுவரை தாங்கும் என்பது டிஸ்பிளே பக்கத்தில் ‘ஃபீச்சர் லெவல்ஸ்’ என்ற வரியில் இருக்கிறது. அங்கே 12_1, 11_0, 10_1 என்று எண்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் பெரிய எண்தான் உங்கள் சிப்பின் எல்லை.

இன்டெல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸை நம்பியிருப்பவர்களுக்கு எல்லைக்கோடு தெளிவானது. 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை கோர் பிராசசர்களில் இருப்பது எச்டி 2000 அல்லது 3000. அவை 10_1-உடன் நின்றுவிடும். 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறையின் எச்டி 2500, 4000 இரண்டும் 11_0 தரத்தை எட்டியவை. ஓராண்டு இடைவெளிதான், ஆனால் கவுண்டர்-ஸ்டிரைக் 2 கேட்பது டைரக்ட்எக்ஸ் 11-ஐயும், அதோடு சேர்ந்து வரும் ஷேடர் மாடல் 5-ஐயும். எச்டி 3000 உள்ள மடிக்கணினியில் 16 ஜிபி ராம் இருந்தாலும் அது திறக்காது. வாலரண்டின் குறைந்தபட்சத் தேவையும் எச்டி 4000-இல்தான் தொடங்குகிறது.

பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் இருக்கிறது. அதில் ஓடுமா?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. ஆண்டுக்கு ஆண்டு நிறுவனமும் மாடலும் மாறின, அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முடியாது. மேலே சொன்ன ஃபீச்சர் லெவல் வரியை முதலில் பாருங்கள். 11_0-க்குக் கீழே இருந்தால் இங்கே பேசும் புதிய கேம்களை மறந்துவிட்டு, கடைசியிலிருந்து இரண்டாவது கேள்விக்குப் போய்விடலாம். 11_0 அல்லது அதற்கு மேல் இருந்தால் ராமையும் வட்டையும் கவனியுங்கள்; அவற்றில் செய்யக்கூடியது இருக்கிறது.

‘குறைந்தபட்சத் தேவை’யைத் தாண்டிவிட்டேன். அப்படியானால் நன்றாக விளையாடலாம் அல்லவா?

அவசரப்பட வேண்டாம். குறைந்தபட்சம் என்று ஒரு நிறுவனம் எழுதும்போது எந்த வேகத்துக்கு, எந்தத் திரை அளவுக்கு என்று பல நேரம் சொல்வதில்லை. வாலரண்ட் இதில் நேர்மையாக நடந்துகொண்டது. 2020 ஜூனில் வெளியானபோது அது மூன்று படிகளைக் கொடுத்தது. கோர் 2 டுவோ இ8400, எச்டி 4000 என்றால் விநாடிக்கு 30 பிரேம், அதாவது திரையில் 30 படம். ஐ3-4150, ஜிடி 730 என்றால் 60. ஐ5-4460, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்றால் 144. குறைந்தபட்சம் என்பது 30 பிரேம் என்று வெளிப்படையாகவே தெரிகிறது.

சுட்டு விளையாடும் போட்டியில் 30 பிரேம் போதாது என்பது என் உறுதியான கருத்து. 30 பிரேமில் ஒவ்வொரு படமும் 33 மில்லி விநாடி திரையில் நிற்கிறது, 60-இல் 17 மில்லி விநாடிதான். எதிராளி சுவர் ஓரத்திலிருந்து தலையை நீட்டுவதை நீங்கள் அவ்வளவு தாமதமாகப் பார்க்கிறீர்கள். டோட்டா 2 போன்ற மேலிருந்து பார்க்கும் ஆட்டத்தில் 40 பிரேம்கூட வசதியாகவே இருக்கும்.

அதே பட்டியலில் இன்னொன்றையும் கவனியுங்கள். கோர் 2 டுவோ இ8400 என்பது 2008-இல் வந்த பிராசசர். எச்டி 4000 என்பதோ 2012-இன் பிராசசருக்குள்ளேயே பதிந்து வருவது. இந்த இரண்டும் ஒரே கணினியில் இருக்க வழியே இல்லை. அதாவது தேவைப் பட்டியலின் வரிகள் சேர்ந்து ஒரு கணினியைக் குறிப்பவை அல்ல. ஒவ்வொரு வரியும் தனித்தனி எல்லை. எல்லா வரியிலும் எல்லையை ஒட்டியே நிற்கும் கணினி பட்டியலில் தேறினாலும் ஆட்டத்தில் திணறும். ஏதாவது இரண்டு வரியிலாவது நன்றாகத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

என்னிடம் இருப்பது ஐ7. அது போதாதா?

எந்த ஆண்டின் ஐ7 என்று தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது. மடிக்கணினிக்காக 2010-இல் வந்த ஐ7-620எம் பிராசசருக்கு இரண்டே கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). 2017-இல் வந்த ஐ3-8100-க்கு நான்கு முழுக் கோர்கள். அந்த ஐ3-இன் முன் இந்த ஐ7 நிற்க முடியாது.

பெயரில் கோட்டுக்குப் பின் வரும் எண்தான் முக்கியம். நான்கு இலக்கம் என்றால் முதல் இலக்கம் தலைமுறை: 3320 மூன்றாம் தலைமுறை, 8100 எட்டாம் தலைமுறை. பத்தாம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். மூன்றே இலக்கம் என்றால் அது முதல் தலைமுறை. கடைசியில் வரும் எழுத்தையும் விடாதீர்கள். ‘யு’ என்று முடிந்தால் மின்சாரம் சேமிப்பதற்காக வேகம் குறைத்துச் செய்யப்பட்டது. ஐ5-4200யு இரண்டு கோரும் நான்கு திரெட்டும் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) கொண்டது. கவுண்டர்-ஸ்டிரைக் 2 நான்கு திரெட் கேட்பதால் எண்ணிக்கையில் தேறிவிடும், ஆனால் மேசைக் கணினியின் நான்கு கோர் ஐ5 செய்யும் வேலையில் பாதியைக்கூட அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்டிருக்கிறேன். நண்பனின் 2 ஜிபி கார்டு என்னுடையதைவிட வேகமாக ஓடுகிறதே?

ஜிபி என்பது கார்டில் எவ்வளவு தகவலை வைக்கலாம் என்பதைச் சொல்கிறது. வேகத்தைச் சொல்வது சிப்பும், அதன் நினைவகத்தின் வகையும். வலுவற்ற சிப்போடு 4 ஜிபி மெதுவான டிடிஆர்3 நினைவகத்தைச் சேர்த்து, பெட்டியின்மேல் ‘4 ஜிபி’ என்று பெரிதாக அச்சிட்ட கார்டுகள் கடைகளில் நிறைய வந்தன.

ஜிடி 730 இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அந்த ஒரே பெயரில் மூன்று வகைக் கார்டுகள் விற்கப்பட்டன. ஒன்று 96 கோர் கொண்ட பழைய ஃபெர்மி சிப். மற்ற இரண்டும் 384 கோர் கொண்ட கெப்ளர் சிப், ஆனால் ஒன்றில் டிடிஆர்3, மற்றதில் வேகமான ஜிடிடிஆர்5. ஃபெர்மி சிப்புகளுக்குப் புதிய கேம் டிரைவர் தருவதை அவற்றைத் தயாரித்த என்விடியா 2018-இலேயே நிறுத்திவிட்டது. வாலரண்ட் பட்டியலில் ஜிடி 730 என்ற பெயரைப் பார்த்துவிட்டு ஃபெர்மி வகையை வாங்கினால் 60 பிரேம் வராது. பிறகு வந்த ஜிடி 1030-இலும் இதே கதைதான்: ஜிடிடிஆர்5 வகை வாங்கத் தகுந்தது, 2018-இல் வந்த டிடிஆர்4 வகை அதைவிட மிகவும் மெதுவானது. வாங்கும்முன் கடையிலேயே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து சிப்பின் பெயரையும் நினைவக வகையையும் பார்த்துவிடுங்கள்.

ராம் 4 ஜிபி போதுமா?

டோட்டா 2, வாலரண்ட் இரண்டும் 4 ஜிபி என்கின்றன, கவுண்டர்-ஸ்டிரைக் 2 கேட்பது 8 ஜிபி. ஆனால் விண்டோஸ் 10 சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 2 ஜிபியை எடுத்துக்கொள்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் உள்ளிருக்கும் கிராபிக்ஸும் அதே ராமிலிருந்துதான் பங்கு கேட்கும். மீதியில் கேம் நுழைய இடமில்லாமல் விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கைத் துணைக்கு அழைக்கும், ஆட்டம் சில விநாடி உறைந்து நிற்கும். ஆகவே 8 ஜிபியைத்தான் நடைமுறைக் குறைந்தபட்சமாகக் கொள்ளுங்கள்.

இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலியாக இருந்தால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. அதே அளவில், அதே வேகத்தில் இன்னொரு ராமைச் செருகினால் அளவு இரட்டிப்பதோடு, பிராசசர் இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில் தகவல் எடுக்கத் தொடங்கும். உள்ளிருக்கும் கிராபிக்ஸை நம்பி விளையாடுபவர்களுக்கு இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு பிரேமை உயர்த்தும். நான்காம் தலைமுறையைச் சேர்ந்த பல மடிக்கணினிகள் 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் ராமையே ஏற்கும். சாதாரண டிடிஆர்3 வாங்கிவந்து திரும்பக் கொடுக்க அலையாதீர்கள். இருக்கும் ராமைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போவது பாதுகாப்பான வழி.

விண்டோஸ் 7 வைத்திருக்கிறேன், பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. கவுண்டர்-ஸ்டிரைக் 2, டோட்டா 2 போன்ற கேம்களை இறக்கித் தரும் ஸ்டீம், 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் ஆதரவை நிறுத்திவிட்டது. 32 பிட் விண்டோஸாக இருந்தால் கதவு அங்கேயே மூடிவிடும். பிராசசர் 64 பிட் என்றால் (2008-க்குப் பின் வந்த கோர் வகைகள் எல்லாம் அப்படித்தான்) 64 பிட் விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவலாம்.

விண்டோஸ் 11-ஐ எப்படியோ நிறுவிவிட்டேன். மற்ற கேம் எல்லாம் ஓடுகின்றன, வாலரண்ட் மட்டும் ‘வேன் 9001’ என்று பிழை காட்டுகிறது.

இது பழைய கணினிக்காரர்களை அதிகம் அலைக்கழிக்கும் பிழை, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வாலரண்டுடன் வேன்கார்டு என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் வருகிறது. அது விண்டோஸின் அடித்தளத்தில், கணினி தொடங்கும்போதே ஏறிக்கொள்ளும். விண்டோஸ் 11-இல் அது இரண்டு நிபந்தனை வைக்கிறது: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி இருக்க வேண்டும், செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஏறவிடும் வசதி) இயங்க வேண்டும். விண்டோஸ் 11-க்கே அதிகாரபூர்வமாக இவை தேவை. பழைய கணினிகளில் அந்தச் சோதனையைத் தாண்டவைக்கும் குறுக்குவழியில் நிறுவியிருப்பீர்கள். விண்டோஸ் அதைப் பொறுத்துக்கொள்ளும், வேன்கார்டு பொறுத்துக்கொள்ளாது.

முதலில் உங்கள் கணினியில் அந்த வசதிகள் அணைந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். விண்டோஸ், ஆர் அழுத்தி எம், எஸ், ஐ, என், எஃப், ஓ என்ற எழுத்துகளையும் அவற்றை ஒட்டி 32 என்ற எண்ணையும் தட்டினால் கணினித் தகவல் பக்கம் வரும். அதில் பயாஸ் மோட் என்ற வரியில் யுஇஎஃப்ஐ என்று இருந்தால் செக்யூர் பூட்டை பயாஸ் பக்கத்தில் (விண்டோஸ் ஏறும்முன் திறக்கக்கூடிய செட்டிங் பக்கம்) இயக்க வாய்ப்பு உண்டு. லெகசி என்று இருந்தால் வட்டின் அமைப்பையே எம்பிஆர் என்ற பழைய முறையிலிருந்து ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். முக்கியக் கோப்புகளை வேறு வட்டில் படி எடுக்காமல் அதில் கைவைக்காதீர்கள். டிபிஎம்மைப் பொறுத்தவரை, எட்டாம் தலைமுறை இன்டெல், ஏஎம்டியின் முதல் சில ரைசன்கள் போன்றவற்றில் பிராசசருக்குள்ளேயே அந்த வசதி இருக்கிறது, பயாஸில் இயக்கிவிட்டால் போதும். நான்காம் தலைமுறைக் கணினி என்றால் பெரும்பாலும் வழியில்லை.

அப்படி வழியில்லாத கணினியில் விண்டோஸ் 10-க்குத் திரும்புவதே தீர்வு, அங்கே வேன்கார்டு இந்த நிபந்தனையைப் பொதுவாக வைப்பதில்லை. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதையும், வீட்டுப் பயனர்களுக்கு நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு 2026 அக்டோபர் 13 வரை என்பதையும் கணக்கில் எடுங்கள். அந்தக் கணினியில் வங்கி வேலை செய்யாமல் இருப்பது நல்லது.

2024 மே மாதம் முதல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸிலும் வேன்கார்டு வந்துவிட்டது. பேட்டில்ஃபீல்டு 6 செக்யூர் பூட் இல்லாமல் திறப்பதே இல்லை. இந்தப் போக்கு கூடுமே தவிரக் குறையாது.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் பழைய கணினி வேகமாகும் என்கிறார்களே?

கணினி இலகுவாகும். டோட்டா 2, கவுண்டர்-ஸ்டிரைக் 2 இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே உண்டு. வாலரண்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் லினக்ஸில் ஓடாது. நீங்கள் விளையாட விரும்புவது எது என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள்.

இணையத்தில் ‘உங்கள் கணினியில் ஓடுமா’ என்று சோதித்துச் சொல்லும் தளங்களை நம்பலாமா? யூடியூப் காணொளிகளை?

தளங்கள் செய்வது தேவைப் பட்டியலோடு ஒப்பிடுவதுதான். ஏற்கெனவே சொன்ன பட்டியலின் குறைகள் எல்லாம் அவற்றுக்கும் உண்டு. உங்கள் மடிக்கணினி சூடாவதோ, ராம் ஒற்றைப் பாதையில் இருப்பதோ அவற்றுக்குத் தெரியாது.

காணொளிகள் அவற்றைவிடப் பயனுள்ளவை. உங்கள் பிராசசர் பெயரையும் கிராபிக்ஸ் பெயரையும் கேமின் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள். ஆனால் காணொளியின் தேதியைக் கட்டாயம் பாருங்கள். கவுண்டர்-ஸ்டிரைக்: குளோபல் அஃபென்சிவ் மிகப் பழைய கணினியிலும் ஓடியது; 2023 செப்டம்பரில் அதன் இடத்தைக் கவுண்டர்-ஸ்டிரைக் 2 எடுத்துக்கொண்டபோது டைரக்ட்எக்ஸ் 9-ம், 32 பிட்டும், மேக் கணினியும் கைவிடப்பட்டன. வாலரண்ட் 2025 ஜூலையில் அன்ரியல் இன்ஜின் 5-க்கு மாறியது. அந்தத் தேதிகளுக்கு முந்தைய காணொளி காட்டுவது வேறு கேமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இறக்கியே பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். எப்படிச் சோதிப்பது?

மிகச் சரியான முடிவு. உங்கள் கணினியில் நீங்களே ஓடவிட்டுப் பார்ப்பதற்கு இணையான சோதனை இல்லை.

முதல் தடை தரவு. கவுண்டர்-ஸ்டிரைக் 2-க்கு 85 ஜிபி, டோட்டா 2-க்கு 60 ஜிபி காலியிடம் கேட்கிறார்கள். இறங்கும் அளவு இதைவிடக் குறைவாக இருந்தாலும், நாளுக்கு 2 ஜிபி தரும் மொபைல் பேக்கில் இது வாரக்கணக்கான வேலை. நண்பரிடம் அந்த கேம் இருந்தால் அவருடைய ஸ்டீம் ஃபோல்டரிலிருந்து கேமின் கோப்புகளை வெளி வட்டில் படி எடுத்து, உங்கள் கணினியில் அதே இடத்தில் வைத்து, பிறகு நிறுவச் சொல்லுங்கள். ஸ்டீம் இருப்பதைச் சரிபார்த்து, குறையும் கோப்புகளை மட்டும் இறக்கிக்கொள்ளும்.

இரண்டாவது, அளவிடும் முறை. வாலரண்டில் செட்டிங்ஸுக்குள் ஸ்டாட்ஸ் என்ற பகுதியில் பிரேம் எண்ணிக்கை, பிங் (சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் மில்லி விநாடி), தரவு இழப்பு மூன்றையும் திரையில் காட்டச் சொல்லலாம். ஸ்டீமுக்குள்ளும் பிரேம் எண்ணும் வசதி உண்டு. பயிற்சி மைதானத்தில் தனியாக நின்று 90 பிரேம் வருகிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பத்துப் பேர் சுடும், புகை பரவும் முழு ஆட்டத்தில் அந்த எண் எங்கே விழுகிறது என்பதே உண்மையான பதில். சராசரி 60 ஆக இருந்து, சண்டை நேரத்தில் 20-க்கு இறங்கும் கணினியைவிட, எப்போதும் 45-இல் நிலையாக நிற்கும் கணினி விளையாட நல்லது.

காசு கொடுத்து வாங்கும் கேம் என்றால் ஸ்டீமின் விதியைப் பயன்படுத்துங்கள்: வாங்கிய 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த 2 மணியைக் கதை பார்ப்பதில் செலவழிக்காமல் சோதனைக்கு என்று ஒதுக்குங்கள்.

முதல் ஐந்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு இழுக்கத் தொடங்குகிறது.

சூடு. பிராசசர் தன் வெப்ப எல்லையை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இன்டெல் மடிக்கணினிச் சிப்புகளில் அந்த எல்லை பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். நம் ஊர் மே மாதத்தில், மெத்தையின்மேல் வைத்த மடிக்கணினி அங்கே போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. எச்டபிள்யுஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் வெப்பத்தைப் பாருங்கள். 95-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் மின்விசிறியில் அடைந்த தூசியை எடுத்து, பிராசசர்மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். பத்தாண்டுக் கணினிக்கு மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான்.

சார்ஜரை இணைத்தே விளையாடுங்கள். பேட்டரியில் ஓடும்போது வேகம் குறையும்.

ஆட்டம் இழுப்பது இணையத்தாலா, கணினியாலா?

பயிற்சி மைதானத்திலோ, கணினியே எதிராளியாக வரும், இணையம் தேவைப்படாத பாட் ஆட்டத்திலோ விளையாடிப் பாருங்கள். அங்கேயும் திணறினால் குற்றவாளி கணினி. அங்கே வழுக்கிக்கொண்டு ஓடி, மற்றவர்களோடு ஆடும்போது மட்டும் எதிராளிகள் இடம்விட்டு இடம் தாவினால் இணையம். பிரேம் எண் நிலையாக இருக்க, பிங் மட்டும் 40-இலிருந்து 200-க்குத் துள்ளுவதும் அதே அறிகுறி.

இந்தப் போட்டி கேம்கள் ஆடும்போது பெரிய தரவு எதுவும் போய் வருவதில்லை. அதனால் 300 எம்பிபிஎஸ் இணைப்புக்கு மாறினால் பிங் குறையும் என்பது உண்மையில்லை. சர்வர் இருக்கும் தூரமும் வீட்டுக்குள் இருக்கும் வைஃபையும்தான் முடிவுசெய்கின்றன. வாலரண்டுக்கு மும்பையிலும், வால்வ் நிறுவனத்தின் கேம்களான கவுண்டர்-ஸ்டிரைக் 2, டோட்டா 2-க்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர்கள் இருக்கின்றன. சிங்கப்பூர் சர்வரைத் தெரியாமல் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பழைய மடிக்கணினிகளின் வைஃபை பெரும்பாலும் நெரிசல் மிகுந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்கும். மோடத்திலிருந்து ஒரு லான் கேபிளை இழுத்துவிட்டால் அந்தப் பிரச்சினை அன்றோடு முடியும்.

எந்த செட்டிங்கைக் குறைத்தால் அதிகப் பலன்?

திரைத் துல்லியம். 1920-க்கு 1080 திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகளை வரைய வேண்டும், 1366-க்கு 768 என்றால் ஏறக்குறைய பாதிதான். அடுத்தது நிழல்கள், அதற்கடுத்து, உருவங்களின் ஓரத்தை மழமழப்பாக்கும் ஆன்டி-அலையாசிங்.

துல்லியத்தைக் குறைத்தும் பிரேம் ஏறவில்லையா? அப்படியானால் திணறுவது கிராபிக்ஸ் அல்ல, பிராசசர். பின்னணியில் திறந்திருக்கும் குரோம் தாவல்களை மூடுவதும், விண்டோஸ் அப்டேட்டை முடியவிட்டு விளையாடுவதும் அங்கே உதவும். புதிய கிராபிக்ஸ் கார்டு உதவாது. இரண்டு கிராபிக்ஸ் உள்ள மடிக்கணினியாக இருந்தால், விண்டோஸின் டிஸ்பிளே செட்டிங்கில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் அந்த கேமுக்கு ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ தேர்ந்தெடுங்கள். தனி கார்டு சும்மா இருக்க, உள்ளிருக்கும் சிப்பே எல்லா வேலையையும் செய்துகொண்டிருப்பது சாதாரணமாக நடக்கிறது.

கேம் பூஸ்டர், ராம் கிளீனர் எல்லாம் போடலாமா?

வேண்டாம். பின்னணி மென்பொருள்களை மூடுவதுதான் அவை செய்யும் நல்ல வேலை. அதை நீங்களே செய்யலாம். வேன்கார்டை ஏமாற்றித் தருவதாகச் சொல்லும் கோப்புகளைத் தொடவே தொடாதீர்கள். கணக்கு தடைசெய்யப்படும், அதற்குமுன் உங்கள் கடவுச்சொற்கள் யாரிடமோ போயிருக்கும்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, நான் கேட்ட கேம் ஓடவே ஓடாது. வேறு என்ன விளையாடலாம்?

நிறைய இருக்கின்றன. டீம் ஃபோர்ட்ரஸ் 2, 2007-இல் வந்த கேம். 2011 முதல் இலவசம், இன்னும் ஆட்கள் நிறைந்த சர்வர்கள் இருக்கின்றன, பழைய சிப்பிலும் ஓடும். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் மிகக் குறைந்த வசதியையே கேட்கிறது. சதுரங்கம் பிடிக்கும் என்றால் லிசெஸ் தளத்தில் பிரவுசரிலேயே உலகம் முழுவதிலும் உள்ளவர்களோடு காசில்லாமல், விளம்பரமும் இல்லாமல் ஆடலாம்; அதற்கு 2 ஜிபி ராம் கணினியே போதும். இவற்றை இரண்டாந்தரம் என்று நினைக்காதீர்கள்.

என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். வீட்டு மேசைக் கணினியில் கேம் ஓடவில்லை, கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தாருங்கள் என்கிறான். கடையில் என்ன கேட்க வேண்டும்?

அம்மா, கடைக்குப் போகும்முன் வீட்டில் மூன்றைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, மேலே சொன்ன துல்லியச் சோதனை: திணறுவது பிராசசராக இருந்தால் கார்டு வீண் செலவு. இரண்டு, ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியா: ஹார்டு டிஸ்க் என்றால் அதைவிட வேகமான வட்டான எஸ்எஸ்டிக்கு மாற்றுவது அவன் படிப்புக்கும் சேர்த்து உதவும், கணினி தொடங்கும் நேரமே மாறிவிடும். மூன்று, பெட்டியின் அளவும் மின்வழங்கியும். அலுவலகங்களிலிருந்து பழையதாக விற்பனைக்கு வரும் ஒல்லியான கணினிகளில் முழு உயரக் கார்டு நுழையாது, கூடுதல் மின்கம்பியும் இருக்காது. அவற்றுக்கு ‘லோ புரொஃபைல்’ என்று கேட்டு, 75 வாட்டுக்குள் இயங்கும், தனி மின்கம்பி தேவைப்படாத கார்டாகப் பார்க்க வேண்டும். ஜிடி 1030-இன் ஜிடிடிஆர்5 வகையும், 1050 டிஐயின் பல மாடல்களும் அப்படிப்பட்டவை. இவை பழைய தலைமுறை என்பதால் புதிய கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. இப்போதுள்ள போட்டி கேம்களுக்கு இருக்கும் டிரைவரே போதும், ஆனால் அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கார்டுகள் கிடைக்கும். மகனையும் கணினிப் பெட்டியையும் சேர்த்தே அழைத்துப் போங்கள். கார்டைச் செருகி, டிரைவர் போட்டு, கால் மணி நேரம் ஏதாவது ஒரு கேமை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம். பில்லில் கார்டின் முழுப் பெயரையும் நினைவக வகையையும், எத்தனை நாள் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.